மன்றோ சிலையும் மறக்கப்படாத அங்கவடியும்

தீவுத்திடல் பொருட்காட்சி என்றால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக் குடும்பங்களுக்கு ராட்டினமும் டெல்லி அப்பளமும் மட்டுமல்ல. அண்ணா சாலை நடுவே உயரப் பீடத்தில் குதிரையேறி நிற்பவரைப் பற்றிய கதையும் உண்டு. "அது மன்றோ. செஞ்ச சிற்பி அங்கவடியை வைக்க மறந்துட்டான். அவமானம் தாங்காம தற்கொலை பண்ணிக்கிட்டான்."

கதையில் சோகம் இருக்கிறது, உண்மைதான் இல்லை. சிற்பி சர் பிரான்சிஸ் சான்ட்ரி. சிலை சென்னையில் நிறுவப்பட்டது 1839-இல். அவர் இறந்தது 1841 நவம்பரில், இதய நோயால். தன் சொத்தைக் கலைப்படைப்புகள் வாங்குவதற்கென்று எழுதிவைத்துவிட்டுப் போனவர் அவர்.

மறந்தார் என்பதும் சரியில்லை. சேணமும் அங்கவடியும் இல்லாமல் அவர் செய்த குதிரைச் சிலைகள் மொத்தம் மூன்று: சென்னையில் மன்றோ, லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ், அதே நகரின் ராயல் எக்ஸ்சேஞ்ச் முன்னால் வெலிங்டன். மூன்று தடவையுமா ஒருவருக்கு ஞாபக மறதி வரும்? ரோமில் உள்ள மார்க்கஸ் அரேலியஸ் சிலையிலும் அங்கவடி கிடையாது. அக்கால ரோமானியர் அதை அறிந்ததே இல்லை. சான்ட்ரி பின்பற்றியது அந்தப் பழைய பாணியைத்தான்.

குதிரையின் கால் தூக்கியிருந்தால் வீரர் காயத்தால் செத்தார், நாலும் தரையில் ஊன்றியிருந்தால் படுக்கையில் செத்தார் என்று இன்னொரு 'கணக்கு' வாட்ஸ்அப்பில் உலவுகிறது. மார்க்கஸ் அரேலியஸின் குதிரை ஒரு முன்காலைத் தூக்கித்தான் நிற்கிறது; அவரைக் கொண்டுபோனதோ நோய். வெலிங்டன் கதை இன்னும் வேடிக்கை. 1844-இல் சிலை திறந்தபோது அவர் உயிரோடிருந்தார், இறந்தது 1852-இல். சாவதற்கு 8 ஆண்டு முன்பே குதிரைக்கு எப்படித் தெரிந்தது?

மன்றோ வெறும் தளபதி என்பதும் பாதி உண்மையே. 1780-இல் பயிற்சி நிலைப் படைவீரராகச் (கேடட்) சென்னை வந்து ஹைதர் அலிக்கு எதிராகப் போரிட்டவர், 1820-இல் கவர்னரானார். 1827 ஜூலையில் பத்திகொண்டாவில், சுற்றுப்பயணத்தின்போது காலராவில் இறந்தார். அவர் விட்டுச்சென்றது பெரும்பாலும் வரிக்கணக்கு. ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் உழவரிடமே தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையைச் சென்னை ராஜதானியின் பெரும்பகுதியில் பரவச் செய்தவர் அவர்தான். அம்பத்தூரில் மனை வாங்கப் போகிறவர் வருவாய்த்துறைக் கணக்கைப் புரட்டினால், 'ரயத்துவாரி' என்ற நிலவகை இன்றும் அதில் இருக்கும்.