"ஆளை மட்டும்தான் அனுப்பினோம்" என்று ஏஜென்சி கைகழுவினால்?

கேள்வி: ஐயா, என் அம்மாவுக்கு 76 வயது. பக்கவாதம் வந்து திருச்சியில் படுக்கையில் இருக்கிறார். எனக்கு வேலை பெங்களூரில். அம்மாவைப் பார்த்துக்கொள்ள 24 மணி நேரமும் கூடவே இருக்கும் ஹோம் நர்ஸ் வேண்டுமென்று ஒரு ஏஜென்சியிடம் பேசி, மாதம் 26,000 ரூபாய் கட்டி வந்தேன். இரண்டாவது மாதம் ஒருநாள் விடியற்காலையில் அம்மா கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. முதுகின் அடியில் ஆழமான படுக்கைப் புண் இருப்பது ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் தெரிந்தது. ஏஜென்சியைக் கேட்டால், "நாங்கள் ஆள் அனுப்புகிறவர்கள் மட்டுமே. எதற்கும் பொறுப்பில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்கிறார்கள். பெற்றவளைத் தனியே விட்டதற்கு என்மேல்தான் வழக்கு வரும் என்றும் மிரட்டுகிறார்கள். நான் என்ன செய்வது?
– வாசகி, பெங்களூரு

பதில்: அந்த மிரட்டலை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள் அம்மா. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 24-ஆம் பிரிவு, முதியவரை அடியோடு கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுச் செல்பவரைத்தான் தண்டிக்கிறது. சம்பளம் கொடுத்து ஆள் வைத்துப் பார்த்துக்கொண்ட மகள்மேல் அது பாயாது.

வீட்டுக்கு வந்து முதியோரைப் பராமரிக்கும் ஏஜென்சிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த 2019-இல் நாடாளுமன்றத்தில் ஒரு திருத்த மசோதா வந்தது. அது சட்டமாகாமலே போனது. லட்சக்கணக்கான குடும்பங்கள் நம்பியிருக்கும் ஒரு தொழிலுக்கு இன்னும் இந்த நிலைதான் என்பது எனக்குத் தீராத ஆதங்கம். ஆனாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்கள் கையில் இருக்கிறது. பணம் கட்டிய நீங்களும் நுகர்வோர், அந்தச் சேவையைப் பெற்ற உங்கள் அம்மாவும் நுகர்வோர். இருவர் பெயரிலுமே புகார் கொடுக்கலாம்.

"பொறுப்பில்லை" என்ற வரியில் கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஏஜென்சி உங்களிடம் மாதாமாதம் வாங்கியது பராமரிப்புக்கான பணம். நகரவே முடியாதவரைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காததும், கட்டிலுக்கு ஓரத் தடுப்பு வைக்காததும் சேவைக் குறைபாடு என்று வாதிட வலுவான இடமிருக்கிறது. சிகிச்சை அளித்த மருத்துவர் தனியாக ஒப்பந்தத்தில் வந்தவர் என்று சொல்லி மருத்துவமனை தப்பிக்க முடியாது என 2004-இல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மருத்துவமனையைப் பற்றியது என்றாலும், அதே நியாயத்தை உங்கள் வக்கீல் இங்கேயும் எடுத்துவைக்கலாம்.

வந்தவர் உண்மையிலேயே நர்ஸ்தானா என்று பார்த்தீர்களா? தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் அவருடைய பதிவு எண் என்ன என்று ஏஜென்சியிடம் எழுத்துமூலம் கேளுங்கள். எண் இல்லையென்றால், பயிற்சி இல்லாத ஒருவரை நர்ஸ் என்று சொல்லிக் காசு வாங்கியிருக்கிறார்கள். அது நேர்மையற்ற வணிகமுறை. விழுந்ததைவிட இதை நிரூபிப்பது எளிது.

அந்தப் பெண்மேல் போலீஸில் புகார் கொடுக்கலாமா என்று யோசிப்பீர்கள். உதவியற்ற ஒருவரைக் கவனிக்க ஒப்பந்தப்படி கடமைப்பட்டவர் வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 357-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால் "வேண்டுமென்றே" என்பதை நிரூபிக்க வேண்டும். அடித்திருந்தாலோ, கட்டிப்போட்டிருந்தாலோ தயங்காமல் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் நான் அவசரப்பட மாட்டேன். ஒரே ஆளை இரவும் பகலும் மாற்று இல்லாமல் வேலை வாங்கினால் விடியற்காலையில் கண் அசரத்தான் செய்யும். அந்த ஏற்பாடே ஏஜென்சியின் தவறு. எத்தனை நாளாக விடுப்பில்லை, என்ன பயிற்சி கொடுத்தார்கள், நீங்கள் கட்டிய 26,000-இல் கைக்கு எவ்வளவு வந்தது என்பதையெல்லாம் சொல்லக்கூடியவர் அவர்தான். அவரைக் குற்றவாளியாக்கினால் ஏஜென்சி பழி முழுவதையும் அவர் தலையில் போட்டுவிட்டு நழுவிவிடும். உங்களுக்கும் ஒரு நல்ல சாட்சி போய்விடும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஆதாரம் சேர்ப்பது. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) கேளுங்கள். படுக்கைப் புண் எவ்வளவு ஆழம், எத்தனை நாள் பழையதாக இருக்கலாம் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புண்ணைத் தேதியோடு போட்டோ எடுத்துவையுங்கள். வீட்டில் கேமரா இருந்தால் பழைய பதிவு அழிந்துபோகும் முன் நகல் எடுத்துவிடுங்கள். அதைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காதீர்கள்.

பிறகு ஏஜென்சிக்கு வக்கீல் நோட்டீஸ். பதில் சரியில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் வசிக்கும் பெங்களூரிலேயே தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மருத்துவரும் சாட்சிகளும் இருக்கும் திருச்சியே வசதி என்பது என் கருத்து. சேவைக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. கட்டிய பணம், அறுவை சிகிச்சைச் செலவு, அம்மா பட்ட வேதனைக்கான இழப்பீடு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேளுங்கள். காலக்கெடு இரண்டு ஆண்டு. நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பேச்சுவார்த்தையில் காலம் கடத்தினாலும் அந்த இரண்டு ஆண்டு நீளாது.