பெயரைச் சொன்னால் உங்களுக்கே தெரியும்

பெற்றவர் யாரென்று தெரியாமல் தேடுகிறவர்களின் கஷ்டம் ஒரு விதம். பெற்றவரை ஊருக்கே தெரியும் என்றால் அந்தக் கஷ்டம் வேறு விதம். முகம் சுவரொட்டியில் இருக்கிறது. வீடு எந்தத் தெருவில் என்று ஆட்டோக்காரரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். ஆனால் அந்த வாசலில் போய் நின்றால் மனு கொடுக்க வந்தவர், நன்கொடை கேட்க வந்தவர், மிரட்டிப் பணம் பறிக்க வந்தவர் என்று இந்த மூவரில் ஒருவராகத்தான் நம்மைப் பார்ப்பார்கள். இதில் இறங்க நினைப்பவர்களுக்காக, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் திண்டுக்கல்லில் வளர்ந்தவள். அப்பா நாகல் நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். நான் எடுத்து வளர்த்த பிள்ளை என்பது சின்ன வயதிலேயே தெரியும். குழாயடிச் சண்டையில் யாராவது "தவிட்டுக்கு வாங்கின புள்ள" என்று வாயை விட்டால் அம்மா அவர்கள் வாசலுக்கே போய் ஒரு வழி பண்ணிவிட்டு வருவார். யார் கொடுத்த பிள்ளை என்பது மட்டும் தெரியாது. நானும் கேட்டதில்லை.

என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அது வெளியே வந்தது. தரகர் கொண்டுவந்தது நல்ல இடம். பையனின் அம்மா இன்னாருடைய அண்ணன் மகள் என்று வந்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். அந்த இன்னார் எங்கள் பக்கத்தில் மேடையேறிப் பேசி, தேர்தலில் நின்று ஜெயித்தவர். பெயரைச் சொன்னால் உங்களுக்கே தெரியும், ஆனால் சொல்லப்போவதில்லை. அவர்கள் காபி குடித்துவிட்டுக் கிளம்பியதும் அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். "அந்த இடம் வேணாம்டி. அந்தப் பையன் இவளுக்கு அண்ணன் முறை."

கணக்கு லேசானதுதான். அந்த இன்னார்தான் என்னைப் பெற்றவர் என்றால், அவருடைய அண்ணன் மகள் எனக்கு அக்கா. அக்கா தங்கச்சி பிள்ளைகளுக்குள் சம்பந்தம் பேச முடியுமா? என்னைப் பெற்றவள் யார் என்பதையும் அம்மா அன்றைக்கே சொன்னார். ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி வேஷம் கட்டியவர். திண்டுக்கல், வத்தலக்குண்டு, நத்தம் பக்கத்துத் திருவிழாக்களில் அவர் பெயரைப் போட்டால் கூட்டம் கூடும் என்றார்கள். இப்போது உயிரோடு இல்லை.

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு இதைக் கிளறுறே?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சட்டத்திலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டம், 12ஆம் பிரிவு. தத்துப் போன நாளிலிருந்து பிறந்த குடும்பத்தோடு உறவு அறுந்துவிடுகிறது. ஆனால் பிறந்த வீட்டில் இருந்திருந்தால் யாரைக் கட்டிக்கொள்ள முடியாதோ, அவரைத் தத்துப் போன பிறகும் கட்டிக்கொள்ள முடியாது. அப்படியானால் அந்த உறவுக்காரர்கள் யார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? தெரிந்துகொள்ளும் வழியை அந்தச் சட்டம் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் இது விளங்கவில்லை.

நீங்கள் எந்த வழியில் வந்த பிள்ளை என்பதை முதலில் பார்க்க வேண்டும். இல்லத்தின் வழியாக, நீதிமன்ற உத்தரவோ ஆட்சியர் உத்தரவோ பெற்று வந்திருந்தால் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான காராவின் வழி. அதைப் பின்னால் சொல்கிறேன். என்னைப் போல நர்ஸம்மா சொல்லி, பெரியவர்கள் பேசி, கைமாற்றிக் கொடுத்த பிள்ளையாக இருந்தால் எல்லாம் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் இருக்கிறது, பத்திரம் போட்டிருந்தால். வில்லங்கச் சான்று போட்டுத் தேடாதீர்கள், வராது. வில்லங்கத்தில் வருவது நிலம், வீடு. தத்துப் பத்திரம் நான்காம் புத்தகத்தில் ஏறும். அதன் நகலை வழியில் போகிற எவரும் வாங்க முடியாது. எழுதிக் கொடுத்தவரும் அதன்மூலம் உரிமை உள்ளவரும் மட்டுமே கேட்கலாம். தத்துப் போன பிள்ளை இரண்டாவது வகை. அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் "சொத்துப் பத்திரம்தானேம்மா?" என்று கேட்டு உங்களை வேறு மேசைக்கு அனுப்புவார்கள்.

திண்டுக்கல்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1985 செப்டம்பரில். அதற்கு முன்னால் பிறந்தவர்களின் பழைய காகிதத்தில் மதுரை மாவட்டம் என்றே இருக்கும். இங்கே இல்லை என்று ஒரு குமாஸ்தா சொல்லிவிட்டால், எங்கேயும் இல்லை என்று அர்த்தமில்லை. மதுரையில் கேளுங்கள்.

என் பத்திரம் கையால் எழுதப்பட்டது. சுருட்டிச் சுருட்டி எழுதிய எழுத்து. கொடுப்பவர் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், ஊர், தொழில் என்ற இடத்தில் "நாடகம்". குழந்தையின் தகப்பனார் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொடுத்தவரின் பெயர் அம்மா சொன்ன பெயர் இல்லை, ஏனென்றால் அம்மாவுக்குத் தெரிந்தது மேடைப் பெயர். கலைஞர்களைத் தேடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. நோட்டீஸில் ஒரு பெயர் இருக்கும், ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கும். இரண்டையும் இணைத்துச் சொல்லக்கூடியவர்கள் கூட நடித்தவர்கள்தான்.

ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் அந்த ஒரு ராத்திரிக்குத் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். மேடையில்தான் சந்திப்பார்கள், விடிந்ததும் பஸ் ஏறிவிடுவார்கள். அதனால் ஒரு நடிகையைப் பற்றி விசாரிக்க ஒரு கம்பெனி என்று எதுவும் இல்லை. நடிகர் சங்கமும் பழைய ஆட்களும் மட்டுமே. பழைய ஆர்மோனியக்காரர் ஒருவர் வீட்டில் அட்டைப்பெட்டி நிறைய நோட்டீஸ் வைத்திருந்தார். ஊதா மையில் அச்சடித்த ஒரு தாளில், வட்டத்துக்குள் ஒரு முகம், நெற்றிச்சுட்டியோடு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தாடை அப்படியே இருக்கேம்மா" என்றார். பிறகு, "நாரதர் வேஷம் கட்டுறவங்க அதுகூட தர்க்கம்னா கொஞ்சம் பயப்படுவாங்க. விடிய விடிய விடாது." வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று தெரியும். உயிரோடு இல்லாதவரைத் தேடி என்ன பிரயோசனம் என்று நினைக்காதீர்கள். எனக்குக் கிடைத்ததில் பெரியது இதுதான்.

உயிரோடு இருக்கிற பிரபலத்தை நெருங்குவது தனி வேலை. கட்சி அலுவலகத்துக்குப் போகாதீர்கள். கல்யாண மண்டபத்தில் வரிசையில் நின்று காதோடு சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். உதவியாளருக்குப் போன் போடாதீர்கள். பத்திரிகைக்காரர் யாராவது "நான் முடிச்சுத் தர்றேன்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். விஷயம் செய்தியாகிவிட்டால் "இவர் அவருடைய பிள்ளையா" என்ற கேள்வி போய் "இவர் மோசடியா" என்ற கேள்வி வந்துவிடும். பிறகு பதில் கிடைப்பது அரிது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தார். நான்தான் அவர் மகள், என்னை வேறு குடும்பத்தில் வளர்த்தார்கள் என்று பெங்களூர்ப் பெண் ஒருவர் 2017இல் உச்ச நீதிமன்றம் போனார், உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார்கள். உடலைத் தோண்டியெடுத்து மரபணுச் சோதனை செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்டார். அவர் சொன்ன பிறந்த தேதி 1980 ஆகஸ்ட். அதே ஆண்டு ஜூலையில் நடந்த திரைப்பட விருது விழாவின் வீடியோவை அரசுத் தரப்பு எடுத்துக் கொடுத்து, ஜெயலலிதா கர்ப்பிணியாகத் தெரிகிறாரா பாருங்கள் என்றது. 2018 அக்டோபரில் மனு தள்ளுபடி. பிரபலங்களின் வாழ்க்கை நாள்வாரியாகப் படம் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஆதாரம் இல்லாமல் போனால் அந்தப் படங்களே எதிர்சாட்சி.

தலைகீழாகவும் நடந்தது, அதுவும் பக்கத்தில் மேலூரில். நடிகர் தனுஷ் காணாமல் போன எங்கள் மகன் என்று ஒரு தம்பதி 2016இல் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தனுஷின் உடம்பில் மச்சம் இருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்குப் போய், 2017 ஏப்ரலில் வழக்கு ரத்தானது. அந்தச் சமயத்தில் டீக்கடைகளில் நடந்த கேலிப் பேச்சைக் கேட்டவள் நான். அதை என் பெயரை வைத்துக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

மரபணுச் சோதனை கேட்டு ஜெயித்தவரும் உண்டு. முன்னாள் முதல்வர் என்.டி. திவாரியின் மகன் நான் என்று ரோஹித் சேகர் 2008இல் டெல்லியில் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போய் 2012இல் ரத்தம் எடுக்கவைத்தார். மகன்தான் என்று முடிவு வந்தது. திவாரி வாயால் ஒப்புக்கொண்டது 2014இல். ஆனால் ரோஹித் தத்துப் போனவர் இல்லை, பெற்ற தாய் கூடவே நின்றார். நம் கதை வேறு. வெறும் சந்தேகத்தை வைத்து ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பும் எதிர்த்தரப்பின் அந்தரங்க உரிமையை வலியுறுத்தியது. சோதனையை வைத்துத் தொடங்காதீர்கள்.

என்னைப் பெற்றவருக்கு நான் கடிதம் எழுதினேன். கையால், ஒரு பக்கம். வக்கீல் எழுதித் தந்தால் நோட்டீஸ் மாதிரி இருக்கும். நான் யார், எந்த வருஷம், எந்த ஊரில் தத்துப் போனேன், பெற்ற தாய் யார். பிறகு, 12ஆம் பிரிவின்படி உங்கள் சொத்தில் எனக்கு உரிமை இல்லை, அது எனக்குத் தெரியும் என்ற வரி. அதை மூன்றாவது வரியிலேயே வைத்தேன், ஏனென்றால் படிக்கிறவர் அதைத்தான் தேடுவார். வெளியே யாரிடமும் சொல்லமாட்டேன் என்பது. கேட்டது இரண்டே விஷயம்: பரம்பரை வியாதி என்ன, ஒரு தடவை பார்க்க முடியுமா. விருப்பமில்லாவிட்டால் மறுபடி எழுதமாட்டேன். பத்திர நகலை இணைக்கவில்லை. காகிதம் கைமாறும். பேரில்லாத உறையில் போட்டு, அவரோடு ஒன்றாகப் படித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கையில் கொடுத்தேன். நடுவில் இருப்பவர் அவர் வீட்டுக்குள் கூச்சமில்லாமல் போகக்கூடியவராக இருக்க வேண்டும், ஆதாயம் தேடாதவராகவும்.

பதில் அவரிடமிருந்து வரவில்லை, அவர் மகனிடமிருந்து வந்தது. "என்ன வேணும் உங்களுக்கு?" என்றார். "ஒண்ணும் வேணாம் சார்." "அதை எழுதித் தருவீங்களா?" இந்தக் கேள்வி வரும், தயாராக இருங்கள். பயந்துபோய் வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. நான் ஏற்கெனவே கடிதத்தில் எழுதியிருக்கிறேன், அதற்கு மேல் வேண்டுமென்றால் வாசகத்தை அனுப்புங்கள், வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுகிறேன் என்றேன். அதன்பிறகு வாசகம் வரவில்லை, அழைப்பு வந்தது.

தோட்டத்து வீடு. வாசலில் செருப்புகள் இல்லாத நேரம் பார்த்து வரச் சொல்லியிருந்தார்கள். என்னவென்று கூப்பிடுவது என்பதைப் போகும்போதே முடிவு செய்திருந்தேன்: ஐயா. அப்பா என்று நான் ஒருவரைத்தான் கூப்பிட்டிருக்கிறேன். இதை முன்னாலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள், அங்கே போய் யோசித்தால் வாய் வராது. அவர் உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சுகர் இருக்காம்மா?" எனக்கு ஆரம்பம் என்றேன். அவர் வீட்டில் எல்லாருக்கும் உண்டு, தம்பிக்கு நாற்பதில் நெஞ்சுவலி, அவருக்குக் கண்ணில் நீர் அழுத்தம், நீயும் வருஷா வருஷம் கண் பார்த்துக்கொள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கிளம்பும்போது, "அவ பாடிக் கேட்டிருக்கியா?" என்றார். இல்லை என்றேன். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

மகளே என்று சொல்லவில்லை. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஹாலிவுட் நடிகை லொரெட்டா யங் 1935இல் கிளார்க் கேபிளுக்குப் பெற்ற பெண்ணைத் தானே தத்தெடுத்ததாக ஊருக்குச் சொல்லி வளர்த்தார். அந்தப் பெண் ஜூடி லூயிஸ், பெரியவளான பிறகு உண்மை தெரிந்து, 1994இல் புத்தகமே எழுதினார். தாய் ஊரறிய ஒப்புக்கொண்டது, 2000இல் அவர் மறைந்த பிறகு வந்த வாழ்க்கை வரலாற்றில்தான். தனியறையில் கிடைப்பது மேடையில் கிடைக்காது. எனக்குத் தனியறை போதும்.

இல்லங்கள் வழியாகத் தத்துப் போனவர்களுக்கு: 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகளில் வேர் தேட வழி இருக்கிறது. பதினெட்டு வயது முடிந்தவர்கள் காராவிடம் தாங்களே விண்ணப்பிக்கலாம். பெற்றவர் பெயர் வெளியே வரக் கூடாது என்று கேட்டிருந்தால் அவரிடம் சம்மதம் கேட்பார்கள். மறுத்தால் காரணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்காக மூன்றாம் ஆள் தேடுவதை விதி அனுமதிப்பதில்லை, எனவே துப்பறியும் ஏஜென்சிக்குப் பணம் கட்டாதீர்கள். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் திண்டுக்கல்லுக்கும் வந்தது. அந்தத் தொட்டில்களில் வந்த முதல் பிள்ளைகள் இப்போது கல்யாண வயதில் இருக்கிறார்கள். யாரும் பார்க்காமல் தொட்டிலில் விட்டுப்போன பிள்ளையின் கோப்பில் பெற்றவர் பெயர் இருக்காது. ஆனால் கண்டெடுத்த தேதியும் இடமும் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

எடுத்து வளர்த்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்திரத்தின் ஒரு நகலையும், உங்களுக்குத் தெரிந்த பெயர்களையும் பிள்ளை படிப்பு முடிக்கும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். சம்பந்தம் பேச ஆள் வந்து உட்காரும்வரை வைத்திருக்காதீர்கள்.