செர்மாட் செல்லும் மருமகளுக்கு

பேர்ன்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதமும் அதனுடன் நீ இணைத்திருந்த பிரயாணத் திட்டமும் கிடைத்தன. பெப்ரவரி மாதப் பள்ளி விடுமுறையில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் உன் மாமியாருமாக லண்டனிலிருந்து செர்மாட்டுக்கு வந்து, ஒரு வாரம் தங்கி, ஸ்கீ பழகிச் செல்ல உத்தேசித்திருக்கிறீர்கள் என்பதை அறிந்து நானும் உன் மாமியும் மிகுந்த சந்தோஷம் அடைந்தோம். இந்தச் சுவிட்சர்லாந்தின் ஹோட்டல் சமையற்கட்டுகளில் பாத்திரம் கழுவித் தம் வாழ்க்கையைத் தொடங்கிய நம்மவர் பலருள் நானும் ஒருவன் என்பதையும், பிற்காலத்தில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அந்த மலைச்சரிவுகளில் ஸ்கீ பழகியவன் என்பதையும் நீ அறிவாய். ஆகவே, நீ கேட்டபடி திட்டத்தை நிதானமாகப் படித்து, என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

திட்டம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மாப்பிள்ளை ஒருவருக்காகவே வகுக்கப்பட்டது. கல்லூரி நாட்களிலிருந்தே ஸ்கீ பழகியவர் அவர். நீயோ ஒரு முறையேனும் அந்தப் பலகைகளில் கால் வைத்தவள் அல்லள், பிள்ளைகள் சிறுவர்கள், உன் மாமியாருக்கு இரத்த அழுத்தம் உண்டு. அப்படியிருக்க, வந்து இறங்கிய மறுநாளே 3,883 மீட்டர் உயரத்திலுள்ள குட்டி மாட்டர்ஹோர்ன் கேபிள் கார் நிலையத்துக்கு ஏறுவது என்றும், அதற்கடுத்த நாள் எல்லை தாண்டி இத்தாலிக்குச் சறுக்கிச் செல்வது என்றும் நாளுக்கொரு சிகரமாகக் குறித்து வைத்திருக்கிறீர்கள். குடும்பமாக மலைக்குப் போகிறவர்கள் தங்களுள் யார் மிகவும் பலவீனரோ அவருடைய சக்தியை அளவாக வைத்தே நாட்களை அமைக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

இதற்குத் திருஷ்டாந்தம் அந்த ஊரிலேயே இருக்கிறது. 1865 யூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் என்னும் ஆங்கிலேயரும் அவரோடு சென்ற அறுவருமாக ஏழு பேர், அதுவரை எவரும் ஏறியிராத மாட்டர்ஹோர்ன் சிகரத்தின் உச்சியை அடைந்தனர். அவர்களுள் 19 வயதான டக்ளஸ் ஹாடோ என்பவர், மோன் பிளாங் மலையை வேகமாக ஏறியவர் என்ற தகுதியைக் கொண்டு சேர்த்துக்கொள்ளப்பட்டவர். செங்குத்தான பாறைகளில் போதிய அநுபவம் இல்லாதவர். இறங்கி வருகையில் அவர் கால் வழுக்கி, முன்னால் சென்ற மிஷேல் குரோ என்னும் தேர்ந்த வழிகாட்டியின் மேல் விழ, அதே கயிற்றில் பிணைக்கப்பட்டிருந்த வேறிருவரும் இழுக்கப்பட்டு, கயிறு நடுவே அறுந்து நால்வரும் மாண்டனர். எஞ்சியவர்கள் விம்பரும் டாவுக்வால்டர் என்னும் தந்தையும் மகனுமாகிய இரு வழிகாட்டிகளுமே. அறுந்த அந்தக் கயிற்றின் துண்டு இன்றும் செர்மாட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சுண்டுவிரல் பருமன்கூட இராத அந்தக் கயிற்றைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டு. மாப்பிள்ளையும் அதைச் சற்று நேரம் நின்று பார்ப்பாராக.

முதலாவதாகக் காலம். பெப்ரவரி நடுப்பகுதியில் உங்கள் நாட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை வரும் அதே வேளையில் இங்கே பல மாநிலங்களிலும் விளையாட்டு விடுமுறை வருவதால், அறை வாடகையும் உயர்ந்து, லிஃப்டுகளின் முன் வரிசையும் நீண்டுவிடும். செர்மாட் கிராமமே ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலுள்ள சரிவுகளில் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் நல்ல பனி கிடைக்கும். பகல் நீண்டிருக்கும், குழந்தைகளின் விரல்கள் விறைக்கும் அளவுக்குக் குளிரும் இராது. ஈஸ்டர் விடுமுறைக்குப் பயணத்தை மாற்ற முடியுமாயின் மாற்றிவிடு.

வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் வாகனங்களுக்கு அந்த ஊரில் இடமில்லை. காரில் வருகிறவர்களும் ஐந்து கிலோமீட்டர் கீழேயுள்ள டேஷ் என்னும் ஊரில் அதை நிறுத்திவிட்டு ரயிலேறியே ஆகவேண்டும். ஆகையால் வாடகைக் கார் வேண்டாம். சூரிச் விமான நிலையத்திலிருந்து ரயிலில் நேரே பேர்னுக்கு வந்து, எங்கள் வீட்டில் ஓர் இரவு தங்கி இளைப்பாறுங்கள். மறுநாள் காலை, 2007இல் திறக்கப்பட்ட லொட்ச்பெர்க் சுரங்கத்தின் வழியே விஸ்ப் நிலையத்தை அடைந்து, சிறிய மலை ரயிலுக்கு மாறினால் மத்தியானத்துக்குள் செர்மாட் போய்விடலாம். தங்குவதற்குச் சமையலறையோடு கூடிய வீடாகப் பார். ரயில் நிலையத்தின் எதிரிலேயே கோப் என்னும் பலசரக்குக் கடை உண்டு. பனியில் நனைந்து பசியோடு திரும்பும் பிள்ளைகளுக்குச் சுடச்சுடச் சோறும் பருப்பும் தருவதைவிட உயர்ந்த உபசாரம் எந்த உணவகத்திலும் இல்லை, செலவும் பாதியாகும்.

இனி, நீ ஒரு வரியில் கடந்துபோன ஸ்கீ சப்பாத்து விஷயத்துக்கு வருகிறேன். முதல் முறை மலைக்கு வருகிறவர்கள் இரண்டாம் நாளே மனமுடைந்து அறையில் உட்கார்ந்துவிடுவதற்குப் பெரும்பாலும் காரணமாவது பொருந்தாத சப்பாத்துதான். போய்ச் சேர்ந்த அன்று மாலையே, கூட்டம் வருமுன், வாடகைக் கடைக்குச் செல்லுங்கள். முழங்கால்வரை நீளும் மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்றே ஒன்றை அணிய வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டை மாட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் அதிகமாகக் குளிரும். காலை உள்ளே விட்டுக் குதிகாலைத் தரையில் ஓங்கித் தட்டிப் பின்னால் தள்ளியபின் கொக்கிகளை மாட்டு. நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்து முன்னால் சாயும்போது விரல் பின்வாங்க வேண்டும். அந்நிலையிலும் குதிகால் எழும்பக் கூடாது. அப்படியே அணிந்துகொண்டு கால் மணி நேரம் கடைக்குள் உலாவிப் பார். வலித்தால் கூச்சப்படாமல் வேறு கேள். சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பொறி, நாம் விழும்போது தானாகக் கழன்று காலைக் காப்பதற்காக அமைக்கப்பட்டது. எடை, உயரம், வயது, தேர்ச்சி, சப்பாத்தின் நீளம் ஆகியவற்றைக் கணக்கிட்டே கடைக்காரர் அதைத் திருத்துவார். தேர்ச்சியைக் கூட்டியும் எடையைக் குறைத்தும் சொல்கிறவர்கள் தங்கள் முழங்காலைத் தாங்களே பணயம் வைக்கிறார்கள். தலைக்கவசமும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஐவரில் பனியில் இறங்கும் நால்வருக்கும் அது வேண்டும்.

பயிற்சியை மாப்பிள்ளையிடம் பெறாதே. அவர் எவ்வளவு பொறுமைசாலியாயினும், கணவனிடம் மனைவியும் தந்தையிடம் பிள்ளையும் ஸ்கீ பழகுவது மனஸ்தாபத்தில் முடிவதையே நான் கண்டிருக்கிறேன். நீயும் பிள்ளைகளும் முதல் மூன்று நாட்கள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிடுங்கள். கிராமத்திலிருந்து சுரங்க ரயிலில் சில நிமிஷங்களில் 2,288 மீட்டர் உயரத்திலுள்ள சுன்னெக்காவை அடையலாம். அங்கே லைசே என்னும் சிறு ஏரியின் பக்கத்தில் புதியவர்களுக்கென்றே சாய்வு குறைந்த களம் இருக்கிறது. பலகைகளின் முன்நுனிகளை நெருக்கிப் பின்பகுதிகளை அகற்றி நிற்கக் கற்றுக்கொள்வதே முதற்பாடம். விரும்பிய இடத்தில் நிற்கத் தெரிந்த பின்னரே போகக் கற்க வேண்டும். சரிவுகளில் நீலம் எளியது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். முன்னால் கீழே செல்பவருக்கே வழியுரிமை என்பதைப் பிள்ளைகளின் மனத்தில் நன்கு பதிய வை. பிற்பகலில் கால்கள் களைத்திருக்க, பனியும் இறுகிக் கண்ணாடிபோல் ஆகியிருக்க, எல்லாரும் ஒரே வேளையில் கிராமத்தை நோக்கி இறங்கும் பாதையில்தான் விபத்துகள் மிகுதி. நீங்கள் ரயிலிலேயே இறங்கி வாருங்கள். அதில் அவமானம் ஏதுமில்லை.

குட்டி மாட்டர்ஹோர்ன் நிலையத்தின் 3,883 மீட்டர் உயரத்தில் நாம் சுவாசிக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதன் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. தேகம் உயரத்துக்குப் பழகும் முன் அங்கே போனால் தலைவலியும் குமட்டலும் வரும். குழந்தைகளுக்கு அதை எடுத்துச் சொல்லவும் தெரியாது. அந்த ஏற்றத்தை வாரக் கடைசிக்குத் தள்ளிவை. அதுவும் எல்லாரும் சுகமாக இருந்தால் மட்டுமே.

இத்தாலிப் பயணத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே எழுதுகிறேன். டியோடுல் கணவாயின் வழியே செர்வீனியாவுக்குச் சறுக்கிப் போய் மத்தியான உணவு உண்டு திரும்புவது பேரின்பந்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தனியான சர்வதேச அனுமதிச் சீட்டு வேண்டும். கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். 2022 முதல் இத்தாலியச் சரிவுகளில் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். இவை யாவும் இருந்தாலும், மேலே காற்று எழுந்தால் லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். கடைசி லிஃப்டைத் தவறவிட்டவர்கள் அவோஸ்தா வழியாக இறங்கி, பெரிய சென் பெர்னார் சுரங்கத்தைக் கடந்து, மார்ட்டினி, விஸ்ப் என்று மலையையே சுற்றி டாக்சியில் பல மணி நேரம் வர நேரும். உறக்கம் மேலிட்ட குழந்தைகளோடு அந்த வழியை நினைத்துப் பார். மாப்பிள்ளை ஒருநாள் தனியே காலையில் சென்று மத்தியானத்துக்குள் திரும்பட்டும்.

காற்றென்றேனே, தெற்கிலிருந்து மலையைக் கடந்து வீசும் ஃபோன் என்னும் உஷ்ணக் காற்றுத்தான் அங்கே அடிக்கடி வழிமறிப்பது. அது எழுந்த நாளில் கிராமத்தில் வெயில் காய்ந்தாலும் மேலே எல்லாம் மூடியிருக்கும். தினமும் காலையில் எந்த லிஃப்ட் ஓடுகிறது என்பதைப் பார்த்த பிறகே அன்றைய காரியத்தைத் தீர்மானி. 2018 ஜனவரியில் கடும் பனிப்பொழிவால் சாலையும் ரயிலும் ஒருங்கே மூடப்பட, ஏறத்தாழ 13,000 பிரயாணிகள் செர்மாட்டில் அகப்பட்டுக்கொண்டனர். ஆதலால் மலையிலிருந்து இறங்கும் நாளன்றே விமானம் ஏறத் திட்டமிடாதே. கடைசி இரவும் எங்கள் வீட்டில்தான்.

குறிக்கப்பட்ட பாதையை விட்டுப் புதுப்பனியில் இறங்க மாப்பிள்ளைக்கு ஆசை உண்டென்று எழுதியிருந்தாய். டாவோஸ் நகரிலுள்ள பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் நாள்தோறும் வெளியிடும் அறிக்கையில் அபாயத்துக்கு ஐந்து படிகள் உண்டு. மூன்று என்றதும் நடுத்தரந்தானே என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் அநேகர். உயிர்ச்சேதங்களில் பெரும்பகுதி அந்தப் படியில்தான் நேர்கிறது. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் அவர் போகக் கூடாது. இதை அவருடைய மாமனாரின் ஸ்தானத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் மாமியாரை ஊறுகாய் போல ஓரத்தில் வைத்துவிடாதே. 1898 முதல் ஓடும் பற்சக்கர மின்சார ரயில் 3,089 மீட்டர் உயரத்திலுள்ள கோர்னர்கிராட் உச்சிவரை ஏறுகிறது. வைத்தியர் அநுமதித்தால் அதில் போகலாம். தயங்கினால் இடையிலுள்ள ரிஃபெல்பெர்க் நிலையத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், மாட்டர்ஹோர்ன் சிகரம் அங்கிருந்தும் முழுமையாகத் தெரியும். கிராமத்தின் பழைய பகுதியில், வெயிலில் கறுத்த மரக் களஞ்சியங்கள் குட்டைக் கால்களின்மேல் நிற்பதையும், ஒவ்வொரு காலின் தலையிலும் எலி ஏறாதபடி வட்டமான தட்டைக்கல் பதித்திருப்பதையும் அவருக்குக் காட்டு. நெல் காத்து வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர், ரசிப்பார். அவர் தனியே இருக்கும் பொழுதுகளில் நீங்கள் நால்வரும் முறைவைத்து ஒருவர் துணையிருங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு சொல். நம் தோல் கறுப்பென்பதால் களிம்பு வேண்டாமென்று நம்மவர் அலட்சியம் செய்கிறார்கள். புதுப்பனி ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அடிப்பதால் மூக்கின் கீழும் தாடையின் கீழும் உதடும் வெந்துவிடும். கண் கூச்சத்தைத் தடுக்கும் கண்ணாடியில்லாமல் வெளியே வராதீர்கள்.

காப்புறுதியைக் கடைசியில் எழுதினாலும் நீ முதலில் செய்ய வேண்டியது அதுவே. பிரித்தானியாவின் சுகாதார அட்டை மலை மீட்புச் செலவை ஏற்பதில்லை. ஹெலிகொப்டர் வந்து தூக்கிச் சென்றால் அதன் கட்டணம் உங்கள் தலையில் விழும். குளிர்கால விளையாட்டு என்று வெளிப்படையாக எழுதியிருக்கும் காப்புறுதியை, வீட்டுக்கு முன்பணம் கட்டும் அதே நாளில் எடுத்துவிடு. மாமியாரின் நோயையும் மறைக்காமல் அதில் குறிப்பிடு. செர்மாட் அமைந்துள்ள மாநிலத்தில் அவசர உதவிக்கு எண் 144. பெரியவர்கள் அனைவரும் அதை மனத்தில் வைத்திருங்கள்.

இக்கடிதத்தை மாப்பிள்ளையோடு சேர்ந்து படித்து, திட்டத்தைத் திருத்தி, ஈஸ்டருக்கு மாற்ற முடியுமா என்பதை இந்த மாதத்துக்குள் எழுதுவாயாக. பிள்ளைகளின் உயரம், எடை, சப்பாத்து அளவு மூன்றையும் மறவாமல் குறிப்பிடு. கம்பளிக் காலுறைகளை மாமி இங்கேயே வாங்கி வைத்துவிடுவாள்.

இங்ஙனம்,
உன் அன்பு மாமா