அவசரச் சிகிச்சையும் மக்களின் கல்வி நிலையும்

மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரின் பதிவேட்டைக் கொண்டு அவ்வட்டாரத்து மக்களின் உடல்நலத்தை மதிப்பிடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. ஆனால் இம்மதிப்பீடு எளிதில் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்வியும் வருவாயும் குறைந்தோரே இப்பிரிவை மிகுதியாக நாடுகின்றனர். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் அவர்களுக்கு இல்லாமையும், பணம் செலுத்த இயலுமா என்று பாராமல் அவசர நிலையில் வருவோரைப் பரிசோதிக்க வேண்டும் என்ற 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்குக் காரணங்களாகும். நம் நாட்டுச் சிற்றூர்களிலோ, அதே நிலையிலுள்ள மக்களின் பெயர்கள் பல வேளைகளில் அப்பதிவேட்டில் ஏறுவதே இல்லை. ஓரிடத்தில் கூட்டம் மிகுவதும் மற்றோரிடத்தில் குறைவதும் ஒரே குறையின் இரு தோற்றங்களாக இருக்கக்கூடும்.

பாம்புக்கடி இதற்குச் சிறந்த சான்று. 2001 முதல் 2003 வரை இந்தியாவில் நிகழ்ந்த ஏறத்தாழ 1 லட்சத்து 23 ஆயிரம் மரணங்களின் காரணங்கள், இறந்தவர்களின் வீடுகளுக்கே சென்று விசாரித்து அறியப்பட்டன. அவ்விவரங்களைக் கொண்டு 2011-இல் வெளியான ஆய்வு, 2005-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 46,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் எனக் கணித்தது. மருத்துவமனைகள் அரசுக்கு அனுப்பிய கணக்கைப் போல் இது 30 மடங்குக்கும் மேற்பட்டதாகும். இறந்தோரில் நூற்றுக்கு 97 பேர் நாட்டுப்புறத்தார். மருத்துவ நிலையத்தில் இறந்தவர்கள் நூற்றுக்கு 23 பேர் மட்டுமே. மாநிலவாரியாக நோக்கின், உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடியாக, அந்நாளில் பிரிக்கப்படாதிருந்த ஆந்திரப் பிரதேசத்தில் 6,200 மரணங்கள் எனக் கணக்கிடப்பட்டது.

சித்தூர் மாவட்டத்தின் வேர்க்கடலைக் காடுகளிலும் மலையடிவாரச் சிற்றூர்களிலும் பணிபுரிவோர்க்கு இது புதிய செய்தி அன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 72 சதவீதம். ஆண்களில் 80 சதவீதம் அளவிலும் பெண்களில் 63 சதவீதம் அளவிலும் இருந்தனர். திருப்பதி அக்காலத்தில் இம்மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. 2022 ஏப்ரலில் தனி மாவட்டமாயிற்று. அங்கு ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ருயா அரசு மருத்துவமனையும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993-இல் தொடங்கிய ‘ஸ்விம்ஸ்’ நிலையமும் இருக்கின்றன. தமிழகத்தையும் கர்நாடகத்தையும் தொட்டுநிற்கும் குப்பத்திலிருந்து திருப்பதி 150 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. பெரிய மருத்துவமனை இருப்பது வேறு. அது எட்டுவது வேறு.

சிகிச்சை தாமதமாவதை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காணும் முறை ஒன்று, பேறுகாலத் தாய்மார் மரணம் பற்றிய 1994-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் விளக்கப்பட்டது. செல்ல வேண்டும் என்று முடிவு செய்வதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை பெறுவதில் தாமதம் என்பன அவை. பாம்புக்கடிக்கும் இது பொருந்தும்.

முதற்கட்டத்தைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். தரையில் பாய் விரித்து உறங்குபவரைக் கட்டுவிரியன் இரவில் கடிக்கிறது. வலியோ வீக்கமோ பெரும்பாலும் தோன்றுவதில்லை. விடியலில் வயிற்றுவலி என்கிறார். பிறகு இமைகள் தாழ்கின்றன. அதன்பின் மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. கட்டிலில் கொசுவலைக்குள் உறங்குபவர்க்கு இவ்விபத்து அரிது. ஆகவே ஏழ்மை சிகிச்சையைத் தாமதப்படுத்துவதற்கு முன்பே, கடியையே தேடித் தருகிறது. களை பறிக்கையில் கண்ணாடி விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் உடனே தெரியும். ஆயினும் அன்றையக் கூலி, வீட்டில் விட்டுவரும் குழந்தை, உடன்வர ஆண் துணை ஆகிய இத்தனையையும் எண்ணிப் பார்த்தபின்பே ஒரு பெண் புறப்பட முடிகிறது. பக்கத்துத் தெருவில் உள்ள மந்திரிப்பவரோ காசும் கேட்பதில்லை, காத்திருக்கவும் வைப்பதில்லை. இதனை அறியாமை என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மை ஆகாது.

படித்தவர் யாவரும் சரியாகச் செய்கின்றனர் என்பதும் இல்லை. கடிவாயைக் கீறி, மேலே இறுக்கிக் கட்டும்படி முதலுதவி நூல்களே முன்பு கற்பித்து வந்தன. அவற்றைப் படித்தவர் இன்றும் கயிற்றைத் தேடுகிறார். கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கானவை என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிவு. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் அசையாதபடி வைத்து, விரைவில் மருத்துவமனை சேர்த்தலே முறை. பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் வழங்கப்படுகிறது.

இரண்டாவது தாமதத்தைக் குறைக்க 108 ஊர்தி பெரிதும் உதவியிருக்கிறது. 2005 ஆகஸ்டு 15 அன்று ஐதராபாத்தில் தொடங்கிய இச்சேவைக்கு எழுத்தறிவு தேவையில்லை. மூன்று எண்கள் நினைவில் இருந்தால் போதும்.

மூன்றாவது தாமதம் மருத்துவமனை வாயிலில் நேர்வது. இங்கேதான் கல்வியின் பயன் வெளிப்படையாகத் தெரியும். கடித்த நேரம், அறிகுறிகள் தோன்றிய வரிசை, முன்பு கொடுத்த மருந்து ஆகியவற்றைக் கோவையாகச் சொல்லத் தெரிந்தவரின் நோயாளிக்கு வேலை விரைந்து நடக்கிறது. தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் நகரி, புத்தூர், குப்பம் பகுதிகளிலிருந்து வருவோர் பதற்றத்தில் மொழி தடுமாறுவதும் உண்டு. 1989-இல் உச்சநீதிமன்றம், உயிரைக் காப்பதே அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் அனைவரின் முதற்கடமை என்று தீர்ப்பளித்தது. 1996-இல், இரயிலிலிருந்து விழுந்த விவசாயத் தொழிலாளி ஒருவரைப் படுக்கை இல்லையெனப் பல அரசு மருத்துவமனைகள் திருப்பியனுப்பிய வங்காள வழக்கில், அவ்வாறு மறுப்பது வாழ்வுரிமையை மீறுவது என்றும் கூறியது. இத்தீர்ப்புகளை அறிந்தவர் வாயிலில் நின்று கேட்பார், அறியாதவர் திரும்பிவிடுவார்.

மருத்துவமனை செய்யும் ஒரு பரிசோதனையை மேல்வகுப்பு மாணவர்க்கு ஆசிரியர் எளிதில் விளக்கலாம். தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிதளவு இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்கின்றனர். அதன்பின்னும் உறையாதிருந்தால் விரியன் விஷம் இரத்தத்தைக் கெடுத்திருக்கிறது என்று பொருள். மந்திரத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் உடலுக்குள் என்ன நடந்தது என்பதை இக்குழாய் கண்முன் காட்டிவிடும்.

களப்பணியாளர் தம் குறிப்பேட்டில் கடித்த நேரம், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் என மூன்று கட்டங்களைத் தனித்தனியே வரைந்துகொள்வது நலம். இடைவெளி எங்கே நீள்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும்: ஓரிடத்தில் வீட்டுத் திண்ணையில், மற்றோரிடத்தில் பாதையில், வேறோரிடத்தில் மருத்துவமனை வாயிலில். மருத்துவமனைக்கே வராமல் இறந்தவர்க்கு மூன்றாம் கட்டம் வெறுமையாக இருக்கும்; அவர் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும்.