செயலி வந்தால் பேச்சு போய்விடுமா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. ஓட்டிசம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். டெப்பில் படச் செயலி போட்டுக் கொடுத்தால், வாயில் வருகிற ஒன்றிரண்டு சொல்லும் நின்றுவிடும் என்கிறார் மாமி. உண்மையா?
– ஒரு தாய், பேசாலை

பதில்: நிற்காது. மாமியின் பயம் உலகெங்கும் உள்ள பயம்தான். படம், சைகை, கருவி பழகியவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2006இல் திரட்டிப் பார்த்தார்கள். நம்பகமாகப் பதிவானவர்களில் எவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலானோருக்குக் கூடியிருந்தது.

தமிழில் 'ஆவாஸ்' இருக்கிறது. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கியது. படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும். ஆனால் அது பேசுவது நம் ஊர்த் தமிழ் அல்ல. ஆகவே அவன் குடிக்கும் கோப்பை, வீட்டுப் புட்டு, கரையில் நிற்கும் வள்ளம், மன்னார்த் தெருவில் திரியும் கழுதை என்று நீங்களே படம் எடுத்துச் சேருங்கள். குரல் பதிய வசதியிருந்தால் உங்கள் குரலே நல்லது. ஐந்தாறு படம் போதும்.

பேசும்போது நீங்களும் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். டெப்பை அவனிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனால் பயனில்லை. 'காணும்' என்ற படத்தை அவன் தொட்டால், இன்னொரு வாய் ஊட்டாதீர்கள். அவன் சொன்னதற்குப் பலன் இருக்க வேண்டும். அதே டெப்பில் கார்ட்டூன் வேண்டாம்.

டெப் வாங்க வசதியில்லையா? அதே படங்களை மட்டையில் ஒட்டுங்கள். செயலியோ மட்டையோ, பேச்சுச் சிகிச்சைக்கு மாற்று அல்ல. அடுத்த கிளினிக்கில் அதற்கான கடிதத்தை மறக்காமல் கேளுங்கள்.