விண்டருக்கு ஊருக்குப் போகிறீர்களா? சென்ட் லோரன்ட் குடும்பங்களுக்கான முழுமையான செலவு வழிகாட்டி

ஒக்டோபர் முடிவதற்குள் கோட் வெர்து மெட்ரோவைச் சுற்றியுள்ள கடைகளில் அந்தக் கேள்வி தொடங்கிவிடும்: "அண்ணை, இந்த முறை விண்டருக்கு ஊரோ?" எண்பதுகளில் வந்து தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் நின்று உழைத்தவர்கள் இப்போது பென்சன்காரர். கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர் நெடுங்காலமாக ஃபுளோரிடாவுக்குப் போகிறார்கள். நம்மவர் யாழ்ப்பாணத்துக்குப் போகிறார்கள். "அங்கே சீவியம் மலிவு, போனால் காசு மிஞ்சும்" என்ற பேச்சைக் கேட்டு முதன்முறை கிளம்புகிறவர்களுக்கே இந்த வழிகாட்டி. கணக்குப் போட்டுப் பார்த்தால், மிஞ்சுவது எல்லோருக்கும் இல்லை.

முதலில் நாட்களை எண்ணுங்கள்

ரிக்கற் விலை பார்க்க முன் நாட்காட்டியைப் பாருங்கள். கியூபெக்கின் மருத்துவக் காப்புறுதியை நடத்தும் ராம்க், ஜனவரி முதல் டிசம்பர் வரையான ஓராண்டில் 183 நாளோ அதற்கு மேலோ நீங்கள் மாகாணத்துக்கு வெளியே இருந்தால் உங்கள் தகுதியை நிறுத்திவிடலாம். 21 நாளோ அதற்குக் குறைவாகவோ போய்வந்த பயணங்கள் இந்தக் கணக்கில் சேராது.

பலர் சறுக்குவது இங்கேதான். நவம்பர் 1ஆம் திகதி போய் ஏப்ரல் 30இல் திரும்புகிறவர், அது ஒரே பயணம் என்று நினைக்கிறார். ராம்க் அதை இரண்டு ஆண்டுகளாகப் பிரிக்கும். அடுத்த நவம்பரிலும் அவர் போனால், அந்த ஆண்டுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை 120, நவம்பர் டிசம்பர் 61, மொத்தம் 181. நூலிழையில் தப்புகிறார். இடையில் லண்டனில் மருமகள் கலியாணத்துக்கு 20 நாள் போய்வந்தால் பரவாயில்லை. 25 நாள் நின்றால் மெடிகேர் காட் ஆட்டம் காணும். 7 ஆண்டுக்கு ஒருமுறை மட்டும், முன்கூட்டி அறிவித்துவிட்டு, இந்த வரம்பைத் தாண்டலாம்.

என் பரிந்துரை: ஜனவரி 10 வாக்கில் போய் ஏப்ரல் நடுப்பகுதியில் வாருங்கள். சுமார் 95 நாள், எல்லாம் ஒரே ஆண்டுக்குள் அடங்கும். மொன்றியலின் கொடுங்குளிரும் அப்போதுதான். நவம்பர், டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவமழை. அதோடு டெங்கும் வரும். கிறிஸ்மஸ் நெருக்கத்தின் ரிக்கற் விலையிலிருந்தும் தப்பலாம். சித்திரை வெயில் தலையில் ஏறும்போது திரும்பிவிடலாம்.

பென்சன் நிற்குமா?

கியூபெக் ஓய்வூதியம் எங்கே இருந்தாலும் வரும். முதியோர் பென்சன், 18 வயதுக்குப் பிறகு 20 ஆண்டு கனடாவில் வாழ்ந்தவர்களுக்கு வெளிநாட்டிலும் தொடரும். அதன்மேல் வருமானம் குறைந்தவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் தொகை அப்படியல்ல. 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நிற்கும். மூன்று மாதப் பயணத்துக்கு இந்தக் கவலை இல்லை.

பூட்டிவிட்டுப் போகும் வீடு

"ஹீட்டரை நிறுத்திவிட்டால் ஹைட்ரோ பில் மிச்சம்" என்பது ஆபத்தான யோசனை. குழாய் உறைந்து வெடித்தால், மூன்று விண்டர்களில் மிச்சம் பிடித்ததும் ஒரு கிழமையில் போய்விடும். சூட்டைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். 13 பாகை அளவில் விடுவது பலர் செய்வது.

எவ்வளவு மிஞ்சும்? ஹைட்ரோ கியூபெக்கின் வீட்டுக் கட்டணம் இரண்டு படி. நாளுக்கு முதல் 40 யூனிட் சுமார் 7 சதம், அதற்கு மேல் 10 சதத்தைத் தாண்டும். குளிரில் நாளுக்கு 80 யூனிட் எரிக்கும் வீடு 40க்கு இறங்கினால், விலை கூடிய மேல்படி முழுவதும் வெட்டுப்படும். நாளுக்கு ஏறத்தாழ 4 டாலர், 95 நாளுக்கு 400 டாலர் வரை. உலகின் மலிவான மின்சாரங்களில் ஒன்று கியூபெக்கினுடையது என்பதால், இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

காப்புறுதிதான் பெரிய விஷயம். குளிர்காலத்தில் தொடர்ந்து சில நாள் வீட்டில் ஆள் இல்லாமல், குழாய் உறைந்து தண்ணீர்ச் சேதம் வந்தால் பல ஒப்பந்தங்கள் பணம் தராது. சிலதில் 4 நாள், சிலதில் 7. இரண்டு வழிகள்தான் உண்டு: யாராவது அடிக்கடி வந்து சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரை அடைத்துக் குழாயை வடித்துவிட வேண்டும். உங்கள் ஒப்பந்தம் எதைக் கேட்கிறது என்று தரகரிடம் எழுத்திலேயே வாங்குங்கள்.

வடிப்பது கடினமல்ல. பேஸ்மென்டில் பிரதான வால்வை மூடுங்கள். மேல்மாடிக் குழாயையும் அடிமட்டக் குழாயையும் திறந்துவிடுங்கள், டொய்லெட்டை ஒருதரம் இழுத்துவிடுங்கள். சுடுதண்ணீர்த் தாங்கியின் பிரேக்கரை அணையுங்கள். தண்ணீர் வற்றிய தாங்கிக்கு மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் சூடேற்றி எரிந்துவிடும். பேஸ்போர்ட் ஹீட்டருக்குப் பதிலாகச் சுடுதண்ணீர் ரேடியேட்டர் உள்ள வீடு என்றால் பிளம்பரைக் கேளாமல் வால்வில் கை வைக்க வேண்டாம்.

பார்க்க வருபவர் யார் என்பதும் முக்கியம். பக்கத்து வீட்டு மாணவனுக்குக் காசு கொடுத்து, ஒவ்வொரு தடவையும் தெர்மோஸ்டாட்டையும் பேஸ்மென்ட் தரையையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். "பார்த்துக்கொள்கிறேன் மாமா" என்று சொல்லும் மருமகனைவிட இது நம்பகம். திகதியோடு படமும் இருக்கும்.

கார்

தெருவில் விட்டுப் போகாதீர்கள். ஸ்னோ அள்ளும் நாளில் செம்மஞ்சள் பலகை நட்டு, சைரன் அடித்து, இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கராஜில் நிறுத்திவிட்டு, எஸ்.ஏ.ஏ.க்யூ.வில் சேமிப்பில் வைப்பதாகப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பும். காப்புறுதித் தரகரிடம், தீ, களவு தவிர்ந்த பகுதியை இடைநிறுத்தக் கேளுங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் ரயர் கட்டாயம். அதற்குள் திரும்புகிறவர் போகும்போதே ரயரை மாற்றிவிட்டுப் போகட்டும்.

வாடகை வீட்டில் இருப்பவருக்கு வேறு கணக்கு

இங்கேதான் உண்மையான மிச்சம் ஒளிந்திருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடலாம். அவர் பெயரையும் முகவரியையும் எழுதி வீட்டுக்காரருக்கு அறிவிக்க வேண்டும். 15 நாளுக்குள் அவர் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று பொருள். 2024 முதல், நீங்கள் கட்டும் வாடகையைவிட அதிகம் வாங்கி இலாபம் பார்க்க முடியாது. மாதம் 1,300 டாலர் என்றால் மூன்று மாதத்தில் 3,900. வேறு எந்தத் தலைப்பிலும் இவ்வளவு வராது. உள்வாடகைக்கு வந்தவருக்குத் தங்கிவிடும் உரிமையும் இல்லை.

சொந்த வீட்டுக்காரருக்கு இந்த வசதி கிடையாது. மூன்று மாதத்துக்கென்று வாடகைக்கு விட்டால், குடியிருப்பவர் போக மறுத்தால் சட்டம் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கும். ஏர்பிஎன்பி யோசனையும் சரிவராது: 2025இல் மாநகரம் கொண்டுவந்த விதிப்படி, சொந்தமாக வசிக்கும் வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு விட ஜூன் 10 முதல் செப்டம்பர் 10 வரை மட்டுமே அனுமதி.

பயணக் காப்புறுதியும் மருந்தும்

வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் தங்கினால் ராம்க் தருவது நாளுக்கு அதிகபட்சம் 100 டாலர். தனியார் காப்புறுதி இல்லாமல் கிளம்புவது துணிச்சல் அல்ல, விளையாட்டு. ஒப்பந்தத்தில் "நிலையான உடல்நிலை" என்று ஒரு நிபந்தனை இருக்கும். கிளம்புமுன் மூன்று மாதத்திலோ ஆறு மாதத்திலோ பிரஷர் மாத்திரையின் அளவு மாறியிருந்தால்கூட, அந்த நோய்க்கான செலவை மறுக்கலாம். அதனால் டாக்டரைப் பார்ப்பதைக் கோடையிலேயே முடியுங்கள், டிசம்பரில் வேண்டாம். கடனட்டையோடு வரும் காப்புறுதி 65 வயது தாண்டியவர்களுக்கு மூன்று மாதம் தாங்காது. பொது மருந்துத் திட்டமும் கியூபெக்குக்கு வெளியே வாங்கும் மாத்திரைக்குப் பணம் தராது; போதுமானதைக் கேட்டு எடுத்துச் செல்லுங்கள்.

ஊரில் ஓடும் காசு

கொழும்புக்கு மொன்றியலிலிருந்து நேரடி விமானம் இல்லை. தோஹா, துபாய் அல்லது இஸ்தான்புல் வழி. கனேடியக் கடவுச்சீட்டில் போகிறவருக்கு முதலில் 30 நாள் விசாதான். நீடிக்கக் கட்டணம் உண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை.

2022இன் தொடக்கத்தில் ஒரு கனேடிய டாலருக்குச் சுமார் 160 ரூபா. அந்த ஆண்டு ரூபா சரிந்தபின் 200க்கு மேல். ஆனால் விலைவாசியும் கூடவே ஏறியது. திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகத்திலும் மரக்கறி, மீன், தேங்காய் வாங்கிச் சமைப்பவருக்கு மலிவுதான். சீஸ், கோர்ன்ஃபிளேக்ஸ் என்று கனடாச் சாப்பாட்டையே தேடினால் மலிவு காணாமல் போகும். ஏசி போட்டால் யூனிட் படியேறி மின்சார பில் பயமுறுத்தும், மின்விசிறியோடு சமாளியுங்கள். வாகனம் வாங்காதீர்கள். தெரிந்த ஓட்டோக்காரரோடு மாதத்துக்குப் பேசிவிடுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு முதல் கிழமைச் செலவு தனி: கிணறு இறைப்பு, மோட்டர், ஓடு மாற்றல்.

இதையெல்லாம் விழுங்கிவிடும் செலவு வேறு. ஒரு கலியாணம், இரண்டு செத்த வீடு, கோயில் உபயம், பழைய மாணவர் சங்கம், "வெளிநாட்டிலிருந்து வந்தவை தானே" என்ற வார்த்தை. இல்லை என்று சொல்வது எனக்கும் வராத கலை. ஆகவே புறப்படுமுன் ஒரு தொகையை ஒதுக்கி, கணவனும் மனைவியும் ஒத்துக்கொள்ளுங்கள். கேட்பவரிடம் "இந்த வருசத்துக்கு முடிஞ்சுது" என்று சொல்ல அது உதவும்.

கூட்டிப் பார்ப்போம்

ஓர் உதாரணம். இருவர், 95 நாள். ரிக்கற் 3,600, பயணக் காப்புறுதி 800. மிச்சம்: மின்சாரம் 400, கார் 450, சாப்பாட்டு வித்தியாசம் 1,200. சொந்த வீட்டுக்காரர் 2,350 டாலர் கைவிட்டுத்தான் குளிரிலிருந்து தப்புகிறார். வாடகைக்கு இருப்பவர் உள்வாடகைக்கு விட்டால் 1,550 டாலர் கையில் நிற்கும், ஊர்ச் செலவு அதற்குள் அடங்கினால். பேரப்பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மா போனால் மகள் வீட்டில் ஏறும் செலவை இதில் நான் சேர்க்கவில்லை; உங்கள் வீட்டில் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தபாலும் வரியும்

தபாலை நிறுத்திவைக்கக் கனடா போஸ்டில் பணம் கட்டிப் பதியலாம். மாநகர வரியின் முதல் தவணை மார்ச் தொடக்கத்தில் வரும். அப்போது நீங்கள் ஊரில் இருப்பீர்கள், வங்கியில் முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். வருமான வரிக்கான படிவங்கள் பெப்ரவரி முடிவில் வீட்டுக்கு வரத் தொடங்கும், கடைசித் திகதி ஏப்ரல் 30. ஊரில் 100,000 கனேடிய டாலருக்கு மேல் வைப்புப் பணமோ வாடகைக்கு விட்ட காணி வீடோ இருந்தால் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும். நீங்கள் போய்த் தங்கும் வீட்டுக்கு அது தேவையில்லை.