வாயில் கவ்வியதைப் பிடுங்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை பிரியாணியின் மிச்சமெல்லாம் திங்கட்கிழமை காலையில் எங்கள் தெருவில்தான் கிடக்கும். கோழி எலும்பு, பச்சடி வழியும் பாலிதீன் பை, எண்ணெய்க் காகிதம். எங்கள் மணி நாட்டு நாய்க்குட்டி. மோப்பத்துக்குக் கேட்கவே வேண்டாம். வெந்த எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பச்சடி வெங்காயம் நாய்களின் ரத்தச் சிவப்பணுக்களையே அழித்துவிடும்.

குட்டி எதையாவது கவ்வினால் நாம் பாய்ந்து போய் வாயைப் பிளந்து விரலால் தோண்டுவோம். "மூக்குல ஒண்ணு போடுங்க சார், அப்பதான் புத்தி வரும்" என்று டீக்கடையிலிருந்து யோசனை வரும். இரண்டிலும் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: ஆள் வருவதற்குள் விழுங்கிவிடு. மெல்லாமல் விழுங்கிப் பழகிய நாயைத் திருத்துவது பெரும்பாடு.

அதனால் நான் பாடத்தை வீட்டுக்குள்ளேயே தொடங்கினேன். வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை மூடிய கைக்குள் வைத்து நீட்டுவேன். மணி நக்கும், பிறாண்டும், குரைத்தும் பார்க்கும். நான் வாயே திறக்க மாட்டேன். சலித்துப்போய் முகத்தைத் திருப்பும் பாருங்கள், அந்த நொடியில் "சபாஷ்" சொல்லி மறு கையிலிருந்து வேறு துண்டு கொடுப்பேன். மூடிய கையில் இருப்பதை மட்டும் கொடுக்கவே கூடாது. கொடுத்தால், காத்திருந்தால் அதுவும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிடும். கையைப் பார்த்ததுமே திரும்பிக்கொள்ளும் நிலை வந்த பிறகுதான் "வேண்டாம்" என்ற சொல்லைச் சேர்த்தேன். அடுத்து தரையில், செருப்புக்கடியில். அதற்கடுத்து வாசலில், நானே போட்டுவைத்த காலி பால் பாக்கெட்.

"போடு" தனிப் பாடம். விளையாட்டுப் பொருளைக் கவ்வியிருக்கும்போது மூக்கருகே ஈரல் துண்டைக் காட்டினால் வாய் தானாகத் திறக்கும். ஈரலைக் கொடுத்த கையோடு பொம்மையையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் நஷ்டமில்லை என்று அதற்குத் தெரிய வேண்டுமே!

தெருவில் வேலை கண்ணுக்குத்தான். கைபேசியைப் பார்த்துக்கொண்டு நடப்பவருக்கு இந்தப் பயிற்சி பலிக்காது. குப்பையைக் குட்டி பார்ப்பதற்குள் நாம் பார்த்து, பெயரைச் சொல்லி அழைத்து, திரும்பினால் துண்டு கொடுக்க வேண்டும். கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் முந்திக்கொண்டு கவ்வும்.

காய்ந்த இலை, குச்சியையெல்லாம் நான் கண்டுகொள்வதில்லை. பால்பல் விழுந்து முளைக்கும் வயதில் ஈறு ஊறும், எதையாவது கடிக்கத்தான் செய்யும். எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகும். ஆயுத பூஜைக்கு மறுநாள் மட்டும் முச்சந்திப் பக்கமே போக மாட்டோம். உடைத்த பூசணிக்காயில் குங்குமத்தோடு காசும் கிடக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சில நாய்கள் கேட்காது. அவற்றுக்குக் கூடை போன்ற வாய்க்கவசம் நல்லது. அதோடு மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். மாங்கொட்டையோ மக்காச்சோளக் கட்டையோ உள்ளே போய்விட்டால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உப்பே விஷமாகிவிடும். விழுங்கியது என்ன, எப்போது என்று குறித்துக்கொண்டு நேரே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.